கை இறுகிய காலம்: ஜனக்புரிக் குறிப்புகள்

ஜனக்புரி வெஸ்ட் மெட்ரோ நிலையத்தில் காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் நிற்கிற எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் இல்லை. வேலைக்குப் போவதுபோல் வீட்டிலிருந்து கிளம்பி வந்தவர்களும் அதில் சிலர் உண்டு. தோளில் லேப்டாப் பை, பையில் டிபன் டப்பா, இஸ்திரி போட்ட சட்டை. நொய்டா பக்கமோ குருகிராம் பக்கமோ போய், ஏதாவது ஒரு மாலில் உட்கார்ந்து போனில் விண்ணப்பம் அனுப்பிவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்புவார்கள். எங்கள் பிளாக்கில் ஒரு பையன் இரண்டு மாதம் இப்படிப் போய்வந்தான். அம்மாவுக்கு பிபி. அப்பாவுக்கு பைபாஸ் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டான். கிரெடிட் கார்டில் பணம் எடுத்து, மாதச் செலவுக்கு அம்மா கையில் கொடுத்தான். அவள் அதைச் சம்பளம் என்று வாங்கி சுவாமி முன்னால் வைத்தாள்.

கார்டில் ரொக்கமாக எடுத்தால் முதல் நாளிலிருந்தே வட்டி. மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் என்று போட்டாலும் வருஷத்துக்கு நாற்பதைத் தொடும். அவனுக்கு வேலை போனதில் ஏற்பட்ட நஷ்டம் ஒரு கணக்கு. அதை மறைத்ததில் ஏற்பட்ட நஷ்டம் தனிக் கணக்கு. இரண்டாவது கணக்கை அவன் அப்பா இன்னும் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

மந்தக் காலத்தைப் பற்றி நான் குறித்து வைக்கிற எதுவும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. வேலை போனால் முதலில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

*

ஏன் சொல்ல முடிவதில்லை? இந்தக் காலனி உருவான விதத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. ஜனக்புரி, 1970-களில் டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) உருவாக்கிய குடியிருப்பு. கரோல் பாக்கில் ஒண்டுக் குடித்தனம் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, கடன் வாங்கி, ஃபிளாட் எடுத்து இங்கே வந்தன. அப்பா ஏதாவது ஒரு மத்திய அரசு அலுவலகத்தில். பிள்ளைகள் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஜனக்புரி பள்ளியில். மாதக் கடைசியில் சம்பளம், வருஷத்துக்கு ஒரு இன்கிரிமென்ட், ஓய்வுபெற்றதும் பென்ஷன்.

அந்த வீட்டில் 'வேலை போச்சு' என்றால் சஸ்பென்ஷன் என்று அர்த்தம். விசாரணை, சார்ஜ் ஷீட், அவமானம். அது தப்பு செய்தவனுக்கு நடப்பது. முப்பத்தைந்து வருஷம் ஒரே அமைச்சகத்தில் வேலை பார்த்தவரிடம், நல்லபடியாக வேலை செய்துகொண்டிருந்த ஒருவனை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீடியோ காலில் கூப்பிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னால், அவர் மனசு முதலில் கேட்பது 'நீ என்ன பண்ணினே?' என்றுதான். அவர்மேல் தவறில்லை, அவர் பார்த்த உலகம் அது. ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் பிள்ளைகள் மாலில் போய் உட்காருகிறார்கள்.

பெரியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையான மூன்று மாதத்தில் இந்தியப் பொருளாதாரம் முந்தைய வருஷத்தைவிட 23.9 சதவீதம் சுருங்கிவிட்டது என்று அரசின் முதல் கணக்கு சொன்னது. அடுத்த மூன்று மாதமும் சுருக்கம்தான். நாட்டில் கிட்டத்தட்ட கால் பங்கு வியாபாரம் நின்றுபோகும்போது தனி ஒருவன் என்ன தப்பு செய்திருக்க முடியும்? அரசாங்க வேலைகூட அன்றைக்குத் தப்பவில்லை. 2020 ஏப்ரலில் மத்திய அரசு அகவிலைப்படியை நிறுத்திவைத்தது. 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை பதினெட்டு மாதத்துக்கு உயர்வு கிடையாது. 17 சதவீதத்தில் நின்றது 2021 ஜூலையில்தான் 28 ஆனது. இடைப்பட்ட மாதங்களுக்கான பாக்கி வரவில்லை. எங்கள் பார்க்கில் காலை நடை நடக்கிற பென்ஷன்காரர்கள் இன்றைக்கும் அதைப் பேசுகிறார்கள். அதைப் பேச அவர்களுக்கு வெட்கமில்லை, இருக்கவும் தேவையில்லை. பிள்ளைகளும் அதேபோல் பேச வேண்டும்.

*

அந்தப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நடுவில் சொல்லிவிட்டான். அப்பா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாடா, பேங்குக்குப் போயிட்டு வரலாம்" என்றாராம். தன் வைப்பு நிதி ஒன்றை உடைத்து கார்டுக் கடனில் பெரும்பகுதியைக் கட்டினார். பிறகு பிஎஃப் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சர்க்கார் காகிதம் படிப்பதில் அவருக்கு இருக்கிற பழக்கம் அன்றைக்குத்தான் மகனுக்கு உபயோகப்பட்டது.

அதிலிருந்து தெரிந்துகொண்டவை:

பழைய கம்பெனி 'வெளியேறிய தேதி'யைப் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால் பணம் கிடைக்காது என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். 2020 ஜனவரியிலிருந்து, கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனதும் ஊழியரே இணையத்தில் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். யாருடைய தயவும் வேண்டாம்.

எவ்வளவு எடுக்கலாம் என்ற விதி மாறிக்கொண்டே வருகிறது. கொரோனா சமயத்தில் இருப்பில் 75 சதவீதம் அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், இதில் எது குறைவோ அது. 2025 அக்டோபரில் பிஎஃப் வாரியம், வேலை இழந்தவர் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மிச்சம் ஒரு வருஷம் கழித்து என்று முடிவெடுத்தது. எடுக்கும் நாளில் நடப்பு விதி என்ன என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

இதைவிட முக்கியம் பென்ஷன் பகுதி. பிஎஃப்-போடு சேர்ந்த பென்ஷன் திட்டத்தில் பத்து வருஷச் சேவை இருந்தால்தான் மாதப் பென்ஷன். எட்டு, ஒன்பது வருஷம் முடித்தவர்கள் அவசரத்தில் அந்தத் தொகையையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். கையில் வருவது கொஞ்சம், போவது ஆயுள்காலப் பென்ஷன். அதைத் தொடாமல் சான்றிதழாக வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த வேலையில் சேவைக் காலம் தொடரும்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஈஎஸ்ஐ உண்டு. ஈஎஸ்ஐ என்றால் ஆஸ்பத்திரி என்று மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். அதில் வேலையிழப்புப் படி ஒன்று 2018-ல் வந்தது. 2020-ல் அதைச் சராசரிக் கூலியில் 25 சதவீதத்திலிருந்து 50-ஆக உயர்த்தினார்கள். அதிகபட்சம் 90 நாள். கடையிலும் கிடங்கிலும் வேலை பார்த்த எத்தனையோ பேருக்கு இது தெரியாமலே அந்த வருஷம் ஓடிவிட்டது.

அந்தப் பையனுக்கு வேலை கிடைத்த கதை சின்னது. மூன்றாவது மாடி மாமிக்கு விஷயம் தெரிந்தது. அவளுடைய தம்பிக்கு ஓக்லாவில் ஒரு கம்பெனியில் தெரிந்த இடம் இருந்தது. சம்பளம் முன்னைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. சேர்ந்துவிட்டான். அதற்கு முன் இரண்டு மாதமும் அதே மாடிப்படியில் மாமிக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் அவன் போய்க்கொண்டிருந்தான்.

*

2020-ல் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கடன் தவணைக்கு விலக்கு கொடுத்தது. தவணை கட்ட வேண்டாம் என்பதை வட்டி வேண்டாம் என்று படித்தவர்கள் இங்கே நிறையப் பேர். வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வட்டிக்கு வட்டியை மட்டும் பிறகு விட்டார்கள். கட்ட முடிந்தவர்கள் கட்டியிருக்க வேண்டும், கட்ட முடியாதவர்களுக்கு அது வரம்.

வங்கியிடமும் முதலில் சொல்லவேண்டும். இரண்டு தவணை தவறியபின் போய் நிற்கிறவனும், தவறுவதற்கு முன்னாலேயே போய் "வேலை போயிருக்கு, காலத்தைக் கூட்டித் தவணையைக் குறைக்க முடியுமா?" என்று கேட்கிறவனும் மேனேஜர் கண்ணுக்கு ஒன்றல்ல.

*

காலனியில் இன்னும் பாத்திரக்காரி வருகிறாள். தலையில் கூடை, கூடையில் எவர்சில்வர் குண்டான்கள், இடுப்பில் துணி மூட்டை. மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்து வியாபாரத்தை ஆரம்பிப்பாள். பழைய பேன்ட்டை வாங்கி முதலில் ஜிப்பை மேலும் கீழும் இழுப்பாள். பிறகு முட்டிப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். சட்டை என்றால் காலர், புடவை என்றால் ஓரம். அழுக்கு அவளுக்குப் பொருட்டில்லை, கிழிசல்தான் விலையைக் குறைக்கும். மூன்று பேன்ட், ஒரு ஸ்வெட்டர், இரண்டு புடவை கொடுத்தால் ஒரு நடுத்தர டப்பா. இன்னொரு சட்டை போட்டால் மூடியும் தருவாள். பேரத்தில் கோபம் வரும், சிரிப்பும் வரும். கடைசியில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

அந்த மூட்டை போகுமிடம் ரகுவீர் நகர். விடியுமுன் அங்கே பழந்துணிச் சந்தை கூடும். குஜராத்திலிருந்து வந்து தலைமுறைகளாக இதே தொழிலில் இருக்கிற குடும்பங்கள் அவர்களுடையவை. அங்கே வாங்குகிறவர்கள் தைத்து, துவைத்து, இஸ்திரி போட்டு வாரச் சந்தைகளில் விற்பார்கள். நாம் தூக்கிப்போட இருந்த பேன்ட் ஒன்று, நாலைந்து பேருக்கு அன்றாடக் கூலி கொடுத்துவிட்டு ஒரு கட்டிடத் தொழிலாளியின் இடுப்பில் போய்ச் சேர்கிறது.

டெல்லியில் வாரச் சந்தைகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு, ஆகஸ்ட் கடைசியில்தான் சோதனை முறையில் திறக்கப்பட்டன. அந்த ஐந்து மாதம் இந்தச் சங்கிலி முழுவதும் அறுந்து கிடந்தது. அது திரும்பப் பிணைந்ததற்கு எந்தப் பெரிய திட்டமும் காரணமில்லை. ஒருவரிடம் இருக்கிற துணி, ஒருவரிடம் இருக்கிற பாத்திரம், ஒருவரிடம் இருக்கிற தையல் மெஷின், இவ்வளவுதான் வேண்டியிருந்தது. பணம் ஓடாத காலத்திலும் பொருளும் உழைப்பும் ஓடலாம் என்பதற்கு என் கண்ணெதிரே இருக்கிற சாட்சி இந்தப் பெண்கள். அவர்களிடம் நம் வீட்டில் பேரம் பேசுகிறவர்கள் அந்த மூடிக்காக இன்னொரு சட்டையைத் தாராளமாகவே கொடுக்கலாம்.

*

மாவு விற்கிற அம்மாவைப் பற்றி எழுதவேண்டும் என்று பல நாளாக இருக்கிறது.

கணவர் வேலை பார்த்த ஏற்றுமதி நிறுவனத்தில் பாதிச் சம்பளம் ஆனதும் இந்த அம்மா ஆரம்பித்தது. ஊரிலிருந்து வந்த டில்டிங் கிரைண்டர் ஒன்று பால்கனியில் பல வருஷமாகத் துணி மூடிக் கிடந்தது. அதை இறக்கினார். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம். ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். முதல் வாரம் நமது தமிழ் வீடுகள் மட்டும். பிறகுதான் பஞ்சாபி வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை தோசை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியவந்தது. இன்றைக்கு அவருடைய வாடிக்கையில் பாதிக்குமேல் அவர்கள்தான். உளுந்து எவ்வளவு, உப்பு எப்போது என்று அவர்களுக்கும் கற்றுக்கொடுக்கிறார். கற்றுக்கொண்டவர்கள் வாங்குவதை நிறுத்தவில்லை.

கஷ்டம் டிசம்பரில் வந்தது. டெல்லிக் குளிரில் மாவு பொங்காது. சென்னையில் எட்டு மணி நேரத்தில் ஆவது இங்கே ஜனவரியில் ஒரு நாள் முழுக்க எடுக்கும். பாத்திரத்தை ரஜாயில் (பஞ்சுப் போர்வையில்) சுற்றி வைத்தார். அடுப்பு மேடையில் சாதம் வடித்த சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கடைசியில் ஓவனுக்குள் வைத்து, சூடு போடாமல், உள்ளே இருக்கும் சின்ன விளக்கை மட்டும் எரியவிட்டார். விடிந்தபோது மாவு விளிம்பைத் தொட்டு நின்றது. 'நாளைக்கு மாவு கிடைக்கும்' என்று வாட்ஸ்ஆப்பில் போட்டார்.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது கணக்கு. அரிசி, உளுந்து, மின்சாரம், பிளாஸ்டிக் பை, பையனை அனுப்பும்போது ஆகும் பெட்ரோல், எல்லாம் எழுதுவார். அதற்குக் கீழே 'என் கூலி' என்று ஒரு வரி. மணிக்கு இவ்வளவு என்று தன் உழைப்புக்கும் விலை போட்டு, அதற்கு மேலே வந்தால்தான் லாபம் என்பார். வீட்டிலிருந்து முறுக்கும் ஊறுகாயும் போடுகிற பல பெண்கள் இந்த ஒரு வரியை எழுதுவதில்லை. அதனால்தான் ஓயாமல் உழைத்தும் 'ஒண்ணும் மிஞ்சலை' என்கிறார்கள். விலையைக் கூட்டக் கூச்சம், தெரிந்தவர்களிடம் காசு கேட்கக் கூச்சம். இந்தக் கூச்சமும் மறைத்தலின் சகோதரிதான்.

சட்டப்படி செய்யவேண்டியது அதிகமில்லை. வருஷ விற்பனை சிறு அளவில் இருந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அடிப்படைப் பதிவு போதும். 2020 ஜூலையிலிருந்து சிறுதொழிலுக்கு உத்யம் பதிவு இருக்கிறது, ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்குகிற போலி வலைத்தளங்கள் உண்டு. அரசின் தளத்தை மட்டும் தேடிப் போகவேண்டும்.

*

சில்லறைச் சிக்கனங்கள், மறந்துபோகாமல் இருக்க:

மதர் டெய்ரி பூத்தில் டோக்கன் பால், பாக்கெட் பாலைவிட மலிவு. பாத்திரம் எடுத்துக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான். கேஷோப்பூர் மண்டியில் தக்காளி, உருளைக்கிழங்கு, வெங்காயம் மொத்தமாக வாங்கி நாலு வீடு பிரித்துக்கொள்வது. மாதம் 200 யூனிட் வரை மின்கட்டணம் இல்லை என்ற டெல்லித் திட்டம் 2019 ஆகஸ்டில் வந்தது, அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க ஒரு கீசரை அணைப்பது பெரிய தியாகமில்லை. டிடிசி பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது 2019 அக்டோபரில். வேலை தேடி நாலு இடம் ஏறி இறங்கும் பெண்ணுக்கு அது நிஜமான பணம். சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துக்கு ஜன் ஔஷதி கடை.

இவற்றால் ஒரு வீடு பிழைத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. நாட்களை வாங்கித் தரும். மந்தக் காலத்தில் அதுவும் வேண்டும்.

*

தங்கம். அடகுக் கடைப் படியேறுவதை நம்மவர்கள் மானம் போகிற காரியமாக நினைக்கிறார்கள். நாடே ஏறியிருக்கிறது. 1991-ல் கையிருப்பு அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலை. ரிசர்வ் வங்கி ஜூலையில் ஏறக்குறைய 47 டன் தங்கத்தை விமானத்தில் லண்டனுக்கு அனுப்பி ஈடு வைத்தது. தேசமே தலைகுனிந்தது என்று அன்றைக்குப் பலர் கொதித்தார்கள். அதே ரிசர்வ் வங்கி 2009-ல், உலகம் முழுக்க மந்தம் நிலவியபோது, சர்வதேச நாணய நிதியத்திடமிருந்து 200 டன் தங்கம் வாங்கியது.

வைக்கிறபோது வங்கியில் வைக்கவேண்டும். தெருமுனைச் சேட்டிடம் ரசீதில்லாமல் வைக்கக்கூடாது. எவ்வளவு தருவார்கள் என்று பார்க்காமல் எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் எடுக்கவேண்டும். 2020 ஆகஸ்டில் நகை மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கிகள் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி தளர்த்தியபோது, முழுக்க எடுத்துவிட்டு மீட்க முடியாமல் நகையை ஏலத்தில் விட்ட குடும்பங்களும் உண்டு.

*

பெண்கள் நடத்தும் 'கமேட்டி'. நம்மூர்ச் சீட்டுதான். பன்னிரண்டு பேர் மாதம் இவ்வளவு போட்டு, குலுக்கலில் ஒருவர் எடுப்பார். எங்கள் பக்கத்துக் கமேட்டியில் ஒரு அம்மா, மகனுக்கு வேலை போனதும் நேராக வந்து சொன்னார், "இந்தத் தடவை குலுக்க வேணாம், எனக்குக் கொடுத்திடுங்க." கொடுத்தார்கள். பிற்பாடு ஒரு தவணையும் தவறாமல் கட்டினார். பதிவில்லாத சீட்டில் ஆபத்து உண்டு என்பது எனக்குத் தெரியும், பெரிய தொகை என்றால் 1982 சட்டத்தின்கீழ் பதிவான சீட்டு நிறுவனத்துக்குத்தான் போகவேண்டும். ஆனால் இப்படி ஒரு கோரிக்கையை எந்தப் பதிவு நிறுவனத்திடம் வைக்க முடியும்?

*

எச்சரிக்கைக் குறிப்பு. வேலை கொடுப்பதற்குப் பணம் கேட்கிறவன் வேலை கொடுக்கமாட்டான். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம், எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

கடன் ஆப்கள் அதைவிட மோசம். 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கி மக்களை எச்சரித்தே அறிக்கை விட்டது. ஐயாயிரம் கொடுத்துவிட்டு, போனில் இருக்கிற எண்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, 'உன் மாமனாருக்குச் சொல்வேன், உன் பழைய ஆஃபீஸுக்குச் சொல்வேன்' என்று மிரட்டுவார்கள். இந்த மிரட்டலால் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொழில் முழுக்க நிற்பது நாம் மறைக்கிற விஷயத்தின்மேல். மாமனாருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் அவன் எதைச் சொல்லி மிரட்டுவான்?

*

சொல்வதற்கு ஒரு பெரிய உதாரணம். 2008 அக்டோபர். லேமன் பிரதர்ஸ் விழுந்து ஒரு மாதம். ஜெட் ஏர்வேஸ் ஏறக்குறைய 1,900 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது, பெரும்பாலும் இளம் பணியாளர்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குள் போய் முடங்கவில்லை. மும்பையில் சீருடையோடு தெருவுக்கு வந்து நின்றார்கள், கண்ணீர் விட்டார்கள், கேமரா முன்னால் பேசினார்கள். அரசியல் கட்சிகள் நுழைந்தன. இரண்டே நாளில் எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொள்வதாக நிறுவனத் தலைவர் நரேஷ் கோயல் அறிவித்தார். அந்த நிறுவனமே 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது வேறு கதை. அன்றைக்கு அவர்கள் பேசியிராவிட்டால் அந்த வேலை அன்றைக்கே போயிருக்கும்.

*

மந்தம் எல்லாவற்றையும் மூடிவிடும் என்று நினைக்கிறவர்களுக்குக் கோயம்புத்தூரைக் காட்டலாம். 1930-களின் உலகப் பெருமந்தத்தில் தமிழ்நாட்டு விவசாயி நொடித்துப்போனான். நெல், பருத்தி, கடலை எல்லாம் விலை சரிந்தன. 1931 கடைசியிலிருந்து இந்தியக் குடும்பங்களின் தங்கம் கப்பல் கப்பலாக வெளியே போயிற்று. கோவை மில்கள் பெருகியது அதே பத்தாண்டில்தான். பருத்தி மலிவு, கூலிக்கு ஆட்கள் உண்டு, நிலத்திலும் வட்டிக் கடையிலும் போட்டுப் பயனில்லை என்று ஆன பணம் வேறிடம் தேடியது. 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. நிலக்கரி கிடைக்காத ஊரில் மில் ஓட்ட அதுவே வழி செய்தது. விவசாயக் குடும்பங்கள் தறியையும் கதிரையும் கற்றுக்கொண்டன. அந்தக் கஷ்டம் நல்லது என்று சொல்ல மாட்டேன், அதில் அழிந்தவர்கள் கணக்கில்லாதவர்கள். விலை விழுந்த இடத்தில் எது மலிவாகக் கிடைக்கிறது, எந்தப் புதிய வசதி வருகிறது என்று பார்த்தவர்களும் அப்போது இருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லோருக்கும் அப்படி வழி கிடைப்பதில்லை. இங்கேயே, பங்கா ரோட்டைத் தாண்டி உத்தம் நகரில் பிரஜாபதி காலனி இருக்கிறது. நூற்றுக்கணக்கான குயவர் குடும்பங்கள். மொட்டைமாடி முழுக்க அகல்கள் காயும், சந்தில் நடந்தால் செருப்பில் களிமண் ஒட்டும். அவர்களுக்குப் பானை விற்கும் பருவம் மார்ச்சில் ஆரம்பித்து ஜூனில் முடியும். 2020-ல் ஊரடங்கு சரியாக அந்த மாதங்களின் மேல்தான் விழுந்தது. சுட்ட பானைகள் அடுக்கு அடுக்காக நின்றுவிட்டன. தீபாவளிக்கு அகல் போடக் களிமண் வாங்கவும் கையில் பணமில்லாதவர்கள் பலர். அந்த வருஷம் எங்கள் பிளாக்கில் சிலர் நேராகப் போய் அவர்களிடமே அகல் வாங்கினோம். பானையும் வாங்கினோம். ஃபிரிட்ஜ் இருக்கிற வீட்டில் பானை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

*

கடைசியாக ஒன்று, இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவரின் வேலை போவதும் போகாததும் நம் கையில்தான் இருக்கிறது. 2020-ல் 'வர வேண்டாம்' என்று சொன்ன வீடுகளில் சம்பளத்தையும் நிறுத்திய வீடுகள் எத்தனை! பிஎஃப் கிடையாது, ஈஎஸ்ஐ கிடையாது, அவருக்கு நாம்தான் கம்பெனி. கை இறுகினால் அவரை நிறுத்துவதற்கு முன் அவரிடமும் சொல்லவேண்டும். நாள் குறைத்துக்கொள்ளலாம், இரண்டு வீடு பகிர்ந்துகொள்ளலாம், புதிய வீடு பிடித்துக் கொடுக்கலாம். காய்கறி வண்டிக்காரருக்கு 2020 ஜூனில் வந்த பிஎம் ஸ்வநிதி கடன் இருக்கிறது. முதல் தவணையில் 10,000 ரூபாயாக இருந்தது, 2025-ல் 15,000 ஆயிற்று. ஒழுங்காகக் கட்டினால் அடுத்தடுத்துக் கூடும். விண்ணப்பத்தை நிரப்பித் தர நம்மில் ஒருவருக்கு அரைமணி நேரம் ஆகும்.

எங்கள் பார்க்கில் இப்போது ஒரு வழக்கம் தொடங்கியிருக்கிறது. நடை முடிந்து உட்காரும்போது யாராவது ஒருவர் கேட்பார், "யார் வீட்டுல வேலை தேடறாங்க? யார் ஆஃபீஸ்ல இடம் இருக்கு?" ஓய்வுபெற்ற அக்கவுண்ட்ஸ் அதிகாரி ஒருவர் பிள்ளைகளின் பயோடேட்டாவைத் திருத்திக் கொடுக்கிறார். மின்வாரியத்தில் இருந்தவர் ஒருவர் நேர்முகத் தேர்வுக்குக் கேள்வி கேட்டுப் பழக்குகிறார். இதைப் படிக்கிறவர்கள் மயூர் விஹாரிலோ ஆர்.கே. புரத்திலோ சென்னையிலோ இருக்கலாம். வேலை இருக்கிறவர்கள், உங்கள் அலுவலகத்தில் ஓர் இடம் காலியாகிறது என்று தெரிந்தால் இன்றைக்கே நாலு பேருக்குச் சொல்லுங்கள். வேலை போனவர்கள், இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள்.